ஊமைக்காது

டமார் என்று வெடித்தது வைக்கோல் வேகவைக்கும் டிரம்.

மூடி ஆள் உயரத்துக்கு எகிறி, வேலியோரம் போய் விழுந்து உருண்டது. ஆவியும் வெந்நீரும் அரைவேக்காட்டு வைக்கோலும் கொல்லை முழுக்கச் சிதறின. சின்ன மருமகள் கையிலிருந்த துடுப்புக் கட்டையைப் போட்டுவிட்டு, வலது முழங்கையைப் பொத்திக்கொண்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி சத்தம்?" வீட்டுக்குள்ளிருந்து மாமியார் குரல் வந்தது.

"டிரம் மூடி பறந்துடுச்சு அத்தை."

"ஐயையோ! ஏதாவது ஆச்சா?"

"முழங்கையில கொட்டிடுச்சு. தோலு வழண்டுடுச்சு."

"அட, மூடிக்கு ஏதாவது ஆச்சான்னு கேட்டேன். நெளிஞ்சிருந்தா பெரியவன் வந்து ஆடுவான். போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். மூடி நெளியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது கொட்டகைப் பக்கம் கண் போயிற்று. அவள் புருஷன் சின்னவன், கூரைக்கடியில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். தகரத்திலிருந்து சொட்டும் மழைநீரை உள்ளங்கையில் ஏந்துவதும் ஊற்றுவதுமாக இருந்தான். இவ்வளவு சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னங்க, கை வெந்துபோச்சு."

அவன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு மழையைப் பார்த்தான்.

அவ்வளவுதான் இப்போதெல்லாம். கல்யாணமான புதிதில் அவளுக்கு விரலில் முள் ஏறினால்கூட வாயால் உறிஞ்சி எடுப்பேன் என்று அடம்பிடித்தவன். ராத்திரி படுத்தால் கொட்டகைக்கு வந்து போகும் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டி அவள் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பான். அண்ணன் பெரியவன் மாதிரி, மாமியார் மாதிரி, வைக்கோல் வண்டிக்காரர் மாதிரி. அந்த ஆள் இந்த உடம்புக்குள் எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று அவள் தேடாத நாளில்லை.

எல்லாம் அந்தக் காளானால் வந்த வினை.

அந்த வீட்டின் பிழைப்பே காளான்தான். வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, டிரம்மில் வேகவைத்து, ஆறவைத்து, பாலித்தீன் பைகளில் வித்தோடு திணித்து, கொட்டகையில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். சாக்குப் படுதாவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பையின் துளைகளில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிக்காளான் கொத்துக் கொத்தாகத் தள்ளும். பறித்துப் பொட்டலம் போட்டால் கடைக்குப் போய்விடும். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த வேலை.

ஒருதரம் வைக்கோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெரியவன் பக்கத்துக் குதிரை லாயத்தில் கழித்துப் போட்ட வைக்கோலைச் சல்லிசாக வாங்கிக்கொண்டு வந்தான். சாணியும் மூத்திரமும் ஊறிய வைக்கோல். "வேகவச்சா எல்லாம் சுத்தம்தான்" என்றான். அது சரியாக வேகவில்லை போலிருக்கிறது. சிப்பிக்காளான் தள்ளவேண்டிய ஒரு பையின் அடியில் மூலையில் முளைத்தது ஒரு தனிக்காளான். பாலாடை நிறம். தொப்பி விரியவில்லை. ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு, பிறந்த குழந்தையின் காது மாதிரி மடிந்திருந்தது. முதலில் கண்டவன் சின்னவன்தான். தண்டைக் கிள்ளினான். கிள்ளின இடம் மைபட்ட மாதிரி நீலமாக மாறியது.

"விஷம். தூக்கிக் குழியில போடு" என்றாள் மாமியார்.

"இரு இரு" என்றான் பெரியவன். நீலமாகிற போதைக்காளானுக்குத் தனிச் சந்தை உண்டென்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மற்றக் காளானெல்லாம் தொப்பியைக் கவிழ்த்து வைத்தால் காகிதத்தில் தூள் கொட்டும். அந்தத் தூள்தான் அதன் விதை. இது வெள்ளைக் காகிதத்திலும் கொட்டவில்லை, கறுப்புக் காகிதத்திலும் கொட்டவில்லை. தானாக வம்சம் பெருகாத பிறவி. உயிரோடு இருக்கும்போதே அதன் சதையிலிருந்து துணுக்கு எடுத்துப் புட்டியில் தாய் வித்தாக ஏற்றிக் காப்பாற்றினால்தான் உண்டு. காது மாதிரி இருந்ததாலும் எதையும் வெளியே விடாததாலும் பெரியவனே அதற்கு ஊமைக்காது என்று பேர் வைத்தான்.

பேர் வைத்தாயிற்று, சரக்கு எப்படி என்று தெரிய வேண்டாமா? பெரியவன் தான் தின்னவில்லை. வெங்காயத்தோடு பொடியாக நறுக்கி முட்டையில் போட்டுத் தம்பிக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தான். தம்பிக்குச் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் சின்னவன் கொல்லையில் நின்றுகொண்டு எதிரே வந்தவரையெல்லாம் "அம்மா" என்று கூப்பிட்டான். வைக்கோல் வண்டிக்காரரைக் கூப்பிட்டான். வாளியைக் கூப்பிட்டான். லாயத்துக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, ஏன் மெலிஞ்சுட்டே?" என்று அழுதான். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெற்ற அம்மாவும் சிரித்தாள். கட்டியவள் மட்டும் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் பார்த்தாள்.

பெரியவன் அந்தக் கதையை முதல் வியாபாரியிடம் சொன்னான். அவர் இரண்டாமவரிடம் சொன்னார். கதை காலும் கையும் முளைத்து நடந்தது. கடைசியில், ஊமைக்காது என்றால் தின்றவன் எதிரில் நிற்பவரை அம்மா என்று கூப்பிட வேண்டும், கூப்பிடாவிட்டால் அது போலி என்று ஆகிப்போனது. காளானின் குணமா, ஒரு மனுஷனின் குணமா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஒருமுறை ஒரு வியாபாரி போனில் கத்தினார்: "என்னய்யா டூப்ளிகேட் குடுத்திருக்க? நாலு பேரு தின்னோம். சுவரு மூச்சு விடுது, கலர் கலரா பாம்பு ஓடுது, எல்லாம் சரி. ஒருத்தன்கூட அம்மாங்கலையே!"

"அம்மாவை மதிக்காதவங்களுக்கு அது பேசாது சார்" என்று பெரியவன் போனை வைத்துவிட்டான்.

பிறந்த கதையும் அப்படித்தான். குதிரை மூத்திரத்தில் முளைத்தது என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? ஒருவரிடம் மலையுச்சிக் குகையில் எடுத்தது என்பான். இன்னொருவரிடம் இடி விழுந்த மரத்தடி என்பான். ஆளுக்கொரு பிறப்பு. ஆனால் அத்தாட்சி மட்டும் ஒன்றுதான்: தம்பி. ஒவ்வொரு புது விளைச்சலுக்கும் சின்னவன் தின்ன வேண்டும், வாங்க வந்தவரை அம்மா என்று கூப்பிட வேண்டும். அப்புறம்தான் வியாபாரம்.

ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தான். முதலில் வேலை மறந்தது. பிறகு பேச்சு குறைந்தது. பை கட்டச் சொன்னால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சும்மா நிற்பான். பெரியவன் இரண்டு தரம் அடித்தும் பார்த்தான். அப்புறம் "தொலையட்டும்" என்று விட்டுவிட்டான். அவன் பங்கு வேலை அப்படியே அவள் தலையில் இறங்கியது. அவள் நறுக்கினாள், சுமந்தாள், வேகவைத்தாள், கட்டினாள். அவள் உள்ளங்கை வெடித்துக் காய்த்துப் போயிருந்தது. எப்போதாவது அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது அது பஞ்சு மாதிரி இருக்கும். பாவம், வேலையில்லாத கை என்று நினைத்துக்கொள்வாள்.

டிரம் வெடித்த அன்று காலை, முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே அவள் பெரியவனிடம் போய் நின்றாள்.

"மாமா, இனிமே அவருக்கு அதைக் குடுக்காதீங்க. இருக்கிறதும் போயிடும்."

"இன்னைக்கு ஒரே ஒரு தடவை. தொப்பிக்காரர் வர்றார். தாய் வித்தோட மொத்தமா வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் நம்ம கொட்டகையில அது பேச்சே இருக்காது."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

"போன தடவை வேற ஆளு."

"வேணும்னா நான் திங்கறேன் மாமா."

மாமியார் வெங்காயத்தை உரித்தபடி தலையைத் தூக்கினாள். "நீ தின்னு மயங்கிக் கிடந்தா மீதி வைக்கோலை யாரு வேகவைப்பா? கொழுப்புதான்."

தொப்பிக்காரர் மத்தியானம் மழையோடு மழையாக வந்து சேர்ந்தார். சிவப்பு ஜீப். கூட ஒரு டிரைவர். துணித் தொப்பியைக் கழற்றாமலே கொட்டகைக்குள் நுழைந்தார். ஈரச் சாக்குப் படுதாவை விலக்கி, பை பையாக மோந்து பார்த்தார். பேச்சு பணிவாக இருந்தது. கண்தான் எதையும் நம்பாத கண்.

"இது எங்க பொறந்ததுன்னு சொன்னீங்க?"

"ஆத்தோரத்துல சார். வெள்ளம் வந்து வடிஞ்சப்போ…"

"என் சிநேகிதர்கிட்ட மலைக்குகைன்னு சொன்னீங்களாமே?"

பெரியவன் சளைக்கவில்லை. "மலையிலிருந்துதானே சார் ஆறு வருது."

தொப்பிக்காரர் சிரித்தார். "பொறந்த இடம் எதுவா வேணா இருக்கட்டும். குணம் நிஜமா இருக்கணும். நானே பறிப்பேன். என் கண்ணு முன்னால திங்கணும்."

தனியாக ஊமைக்காது விளைவித்திருந்த தட்டிலிருந்து அவரே குனிந்து ஒரு பிடி பறித்தார். தண்டை அழுத்தினார். நீலம் பரவியது. "பேஷ்" என்று அதை அவள் கையில் கொடுத்தார். "நல்லா வதக்கி, முட்டை ஊத்திக் கொண்டா தங்கச்சி."

அவள் சமையலறைக்குப் போனாள். மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கூடத்திலிருந்து பெரியவன், "அம்மா, சாருக்கு நாற்காலி துடைச்சுப் போடு!" என்று கூப்பிட்டான். மாமியார் முனகிக்கொண்டே எழுந்து போனாள்.

அந்தக் கொஞ்ச நேரம் போதுமாயிருந்தது. அவள் அந்தக் காளானைக் கழுநீர் வாளிக்குள் அமுக்கினாள். காலையில் பறித்து மிச்சமிருந்த சிப்பிக்காளானை எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கி எண்ணெயில் போட்டாள். வெங்காயம் சிவந்தது. முட்டை ஊற்றினாள். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

கணக்கு இதுதான். வெறும் காளானைத் தின்றுவிட்டுச் சின்னவன் பேசாமல் உட்கார்ந்திருப்பான். தொப்பிக்காரர் போலி என்று சொல்லிவிட்டுப் போவார். போய் ஊர் பூரா சொல்லுவார். பிறகு இந்த வீட்டுப் படியை ஒரு வியாபாரியும் மிதிக்கமாட்டான். பெரியவன் அடிப்பான். அடிக்கட்டும். மிச்சமிருக்கிற மனுஷனாவது தப்பிப்பான்.

கூடத்துக்கு வந்து தட்டை நீட்டினாள். நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்த சின்னவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். முதல் வாய் போட்டுக்கொண்டதும் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு வழித்து வழித்துச் சாப்பிட்டான்.

எல்லோரும் காத்திருந்தார்கள். மழை தகரத்தில் தாளம் போட்டது. தொப்பிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் கொட்டாவி விட்டான். பெரியவன் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்; நெற்றியில் வேர்வை மினுங்கியது.

"எப்பவும் இவ்வளவு நேரம் ஆகுமா?"

"குளிர் சார். குளிர்ல கொஞ்சம் மெதுவாத்தான்…"

"குளிருக்கும் வயித்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

பெரியவன் தம்பியின் தோளைப் பிடித்து மெல்ல உலுக்கினான். "டேய்… என்னடா… ஏதாவது சொல்லேன்."

கதவோரம் நின்ற அவளுக்கு உள்ளுக்குள் பூரித்தது. எந்தச் சாமியென்று பார்க்காமல் எல்லாச் சாமியையும் கும்பிட்டாள்.

தொப்பிக்காரர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். "சரிதான். வீண் அலைச்சல்" என்றார்.

அப்போது சின்னவன் நிமிர்ந்தான். கண் அகலமாக விரிந்தது. உதடு துடித்தது. தட்டு மடியிலிருந்து உருண்டது. நாற்காலியிலிருந்து நழுவி, தவழ்ந்துபோய், தொப்பிக்காரரின் சேறு படிந்த செருப்பைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா… எங்கம்மா போறே? தலையெல்லாம் நனைஞ்சிருக்கே அம்மா!"

தொப்பிக்காரர் கைகொட்டிச் சிரித்தார். டிரைவர் சிரித்தான். பெரியவனுக்குப் போன உயிர் வந்தது. சின்னவன் டிரைவரையும் விடவில்லை, "அம்மா, மீசை எப்போ வச்சே?" என்று அவன் முகத்தைத் தடவினான். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அவள் மட்டும் உருண்டு கிடந்த தட்டையே பார்த்தாள். வெறும் சிப்பிக்காளான். கடையில் விற்று, குழந்தைகூடத் தின்கிற காளான். அதற்கே இப்படியென்றால், மருந்து தேவைப்படாத அளவுக்கு ஆள் உள்ளே செத்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? எந்த மனுஷனைக் காப்பாற்ற இத்தனையும் செய்தாளோ, அவன் எப்போதோ போயாகிவிட்டது.

தொப்பிக்காரர் தாய் வித்துப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

"ஒரு விஷயம். நான் இதைக் கொண்டுபோய் விளைவிச்சு விக்கணும்னா, என்கிட்ட வாங்குறவனும் அத்தாட்சி கேப்பான். அதனால தம்பியும் என்கூட வரட்டும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"விளையுற வரைக்கும்."

பெரியவன் ஒப்புக்குக்கூட யோசிக்கவில்லை. "கூட்டிட்டுப் போங்க சார். இங்க சும்மாதானே உக்காந்திருக்கான்."

"மாமா!" அவள் பாய்ந்து வந்தாள். "வேண்டாம் மாமா. சார், கேளுங்க. அவர் தின்னது ஊமைக்காது இல்ல. நான் மாத்திட்டேன். அது வெறும் சிப்பிக்காளான். உங்களை ஏமாத்திட்டேன் சார், அவரை விட்டுடுங்க."

பெரியவன் பளாரென்று அறைந்தான். அவள் தள்ளாடியபடி சமையலறைக்கு ஓடி, கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். வெந்த கையையே உள்ளே விட்டுத் துழாவினாள். உப்பும் புளித்த தண்ணீரும் பட்டுப் புண் எரிந்தது. பிடி நிறையக் காளானை வெளியே எடுத்து நீட்டினாள். தண்டெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"இதோ. நீங்க பறிச்சது இதோ இருக்கு."

தொப்பிக்காரர் வாங்கிப் பார்த்தார். தரையில் கிடந்த தட்டை எடுத்து மோந்தார். அதில் ஒட்டியிருந்த துணுக்கை வாயில் போட்டு மென்றார். இன்னும் டிரைவரின் முழங்காலில் தலை சாய்த்திருந்த சின்னவனை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. முதல் சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பு.

"அப்படியா சங்கதி" என்றார். தாய் வித்துப் புட்டியை மேஜைமேல் திருப்பி வைத்தார். "அப்போ இது எனக்குத் தேவையே இல்ல."

"சார், சார், அவ பொய் சொல்றா சார்!"

"நிஜம் சொல்றா. உன் வீட்லயே உபகாரி இந்தப் பொண்ணுதான். எந்தக் காளானைக் குடுத்தாலும் இவன் அம்மாங்கறான். அப்போ எந்தக் காளானும் ஊமைக்காதுதானே? இவன் ஒருத்தன் போதும் எனக்கு."

"அப்போ தாய் வித்து?"

"நீயே ஆம்லெட் போட்டுத் தின்னு." பணம் திணித்த ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வீசினார். "இது இவனுக்கு."

பெரியவன் கவரைப் பார்த்தான், புட்டியைப் பார்த்தான். கவரை எடுத்துக்கொண்டான்.

அவள் மாமியார் காலில் விழுந்தாள். "அத்தை, நீங்க பெத்த புள்ளை அத்தை. ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டாள். தொப்பிக்காரர் பக்கம் திரும்பிச் சொல்லவும் சொன்னாள். "தினம் ரெண்டு முட்டை வேணும் சார் அவனுக்கு. இல்லன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். மத்தபடி ஒரு தொந்தரவும் இல்ல."

"நானும் கூடப் போறேன்" என்றாள் அவள்.

"கொட்டகையை உங்கப்பன் வந்து பாப்பானா?" என்றான் பெரியவன். "நீ பண்ணின காரியத்துக்கு உன்னை உயிரோட விட்டதே பெரிசு. போய் அவன் துணியை எடுத்து வை."

அவள் எடுத்து வைத்தாள். இரண்டு சட்டை, ஒரு போர்வை, துண்டு. மழை தூறலாகிவிட்டது. டிரைவர் சின்னவனைத் தோளைப் பிடித்து ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்த்தினான். தொப்பிக்காரர் முன்னால் நின்று பெரியவனிடம் கடைசிப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் வழியாகப் பையை உள்ளே வைத்துவிட்டு, அவன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். கண்ணீர் அவன் கைமேல் விழுந்தது.

"பசிச்சா கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க" என்றாள். "என் பேராவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு? நான் யாருன்னாவது தெரியுதா?"

அவன் முன்னால் நிற்பவர்களை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். கண் தெளிவாக இருந்தது. கல்யாணமான புதிதில் படுக்கையில் அடுத்தவர் மாதிரி பேசிக் காட்டும்போது இருந்த அதே கண்.

"வாயில வச்சதுமே தெரிஞ்சுது, வெறும் சிப்பின்னு" என்றான் தணிந்த குரலில்.

"என்னங்க… உங்களுக்கு… நல்லாத்தான் இருக்கீங்களா? அப்போ அன்னைக்கு, அந்த ஆம்லெட்…"

"அது ஒரு பகல் கிறுகிறுத்துச்சு. மறுநாளே தெளிஞ்சுட்டேன். அப்புறம் தின்னப்பல்லாமும் அப்படித்தான்."

"தெளிஞ்சுட்டீங்களா? அப்புறம் ஏங்க? இத்தனை வருஷமா ஏங்க? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

ஜீப் உறுமியது. அவன் பையைத் திறந்து போர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சொன்னான்:

"வைக்கோல் சுமக்கிறதுக்கு அம்மான்னு கத்துறது எவ்வளவோ தேவலைடி. உன்கிட்ட சொல்லியிருந்தா நீயும் கத்த ஆரம்பிச்சிருப்பே, அப்புறம் என் பங்கு வேலையை யாரு பாத்திருப்பா?"